என்னை உயர்த்திய ஈடுபாடு என் குழுவை ஏன் உயர்த்தவில்லை?

கேள்வி (எழுதியவர்: மெய்ப்புமேசை)

அனைவருக்கும் வணக்கம். பாடநூல்களையும் கையேடுகளையும் பக்கம் கட்டி அச்சுக்கு அனுப்பும் ஒரு சிறு குழுவுக்கு இரண்டு ஆண்டுகளாகப் பொறுப்பாளராக இருக்கிறேன். என்னையும் சேர்த்து ஏழு பேர். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் தனியாளாக மெய்ப்புப் பார்த்தும் பக்கம் வடிவமைத்தும் வந்தேன். இந்தத் தொழிலில் எனக்குள்ள ஈடுபாடு எப்படிப்பட்டது என்பதைச் சொன்னால்தான் என் கேள்வி விளங்கும். ஓர் அட்டவணையில் தசமப் புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் எனக்கு உறக்கம் வராது. ஒரு பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் போய்த் தனித்து நின்றால், அதைச் சரிசெய்வதற்காக முந்தைய மூன்று பக்கங்களையும் பிரித்து மறுபடி கட்டுவேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை, யாரும் கவனிக்கப்போவதில்லை என்று தெரிந்தும்தான் செய்தேன். இன்று எனக்குக் கிடைத்திருக்கும் பொறுப்பும் நற்பெயரும் அந்தப் பிடிவாதத்தால் வந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

பொறுப்பேற்றபோது, இதே ஈடுபாட்டை மற்ற ஆறு பேருக்கும் ஊட்டிவிட்டால் போதும், எல்லாம் தானாக நடக்கும் என்று நம்பினேன். நடந்தது வேறு. ஒரே ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். குழுவில் வயதில் இளையவரான வடிவமைப்பாளர் ஓர் அறிவியல் நூலின் பின்னிணைப்பை, ஏறக்குறைய நாற்பது பக்கங்களை, கட்டி முடித்து மாலையில் கோப்பை ஒப்படைத்தார். இரவு அதைத் திறந்து பார்த்தேன். பிழை என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. ஆனால் நான் கட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. இரண்டு மணி வரை உட்கார்ந்து பெரும்பகுதியை மாற்றிவிட்டேன். மறுநாள் காலை அவர் கோப்பைத் திறந்தார், மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார், மூடிவிட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த கோப்பை அனுப்பும்போது, "எப்படியும் நீங்கள் ஒருமுறை பார்ப்பீர்கள் அல்லவா, ஐயா?" என்று எழுதியிருந்தார். அந்தக் கோப்பில் படங்களின் வரிசை எண்களே மாறிக் கிடந்தன. இப்போது ஆறு பேரிடமிருந்தும் வரும் கோப்புகள் ஏறத்தாழ இந்த நிலையில்தான் இருக்கின்றன. நான் உழைக்க உழைக்க அவர்கள் தளர்கிறார்கள்.

ஈடுபாடு ஒருவரை உயர்த்தும் என்பதற்கு நானே சாட்சி. அது குழுவையும் உயர்த்தும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஈடுபாடு இல்லாதவர்களை நான் வேலைக்கு எடுத்துவிட்டேனா, அல்லது அதை ஊட்டும் முறையில் எங்கோ தவறுகிறேனா?

பதில் 1 (எழுதியவர்: நூலிழை)

வணக்கம் ஐயா. இவ்வளவு நேர்மையாகக் கேட்டதற்கு முதலில் நன்றி. உங்கள் பதிவில் என் கண்ணில் பட்ட சொல் "ஊட்டிவிட்டால்" என்பதுதான். சோற்றை ஊட்டலாம், பசியை ஊட்ட முடியாது.

உளவியலாளர் ராபர்ட் வாலெராண்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயலின்மீது மனிதர்களுக்கு உண்டாகும் தீவிரப் பற்றை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று இணக்கமான பற்று, மற்றொன்று நம்மை ஆட்டிவைக்கும் பற்று. இரண்டிலும் தீவிரம் உண்டு, இரண்டிலும் மணிக்கணக்கான உழைப்பும் உண்டு. முதல் வகையில் அந்தச் செயல் வாழ்க்கையின் மற்றப் பகுதிகளோடு ஒத்து நடக்கும், நாமாக விரும்பித் தொடங்குவோம், தேவைப்பட்டால் நிறுத்தவும் நம்மால் முடியும். இரண்டாம் வகையில் நம்முடைய தன்மதிப்பே அந்தச் செயலில் கட்டுண்டு கிடக்கும். அதனால் விட வேண்டிய இடத்தில் விட முடியாது. நீங்கள் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. பிழை ஏதுமில்லை என்று தெரிந்த பிறகு அந்தக் கோப்பை மூட உங்களால் முடிந்ததா என்பதுதான் கேள்வி. தனியாளாக இருந்த ஒன்பது ஆண்டுகளில் இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் நீங்கள் பிரித்துக் கட்டிய பக்கங்கள் எல்லாம் உங்களுடையவை. இப்போது பிரிப்பது இன்னொருவருடைய பக்கத்தை.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இருவர் பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்த கோட்பாடு ஒன்று, மனிதர் தாமாக ஒரு வேலையில் ஒன்றுவதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறது: என் முடிவை நான் எடுக்கிறேன் என்ற உணர்வு, என்னால் இது முடியும் என்ற உணர்வு, உடனிருப்போரோடு நான் சேர்ந்தவன் என்ற உணர்வு. அந்த நாற்பது பக்கங்களை ஓசையின்றி மாற்றியதன் மூலம் இந்த மூன்றையும் ஒரே இரவில் அந்த இளையவரிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். அவருடைய முடிவுகள் செல்லாமல் போயின, அவருடைய திறமை போதாது என்று சொல்லாமல் சொல்லப்பட்டது, அதைப் பற்றிப் பேசக்கூடத் தேவையில்லாதவராக அவர் நடத்தப்பட்டார். படங்களின் எண்கள் மாறிக் கிடந்ததில் எனக்கு வியப்பில்லை.

ஆள் எடுத்ததில் தவறா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2018-ல் பால் ஓ'கீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்தும். ஆர்வம் என்பது உள்ளே ஏற்கெனவே இருப்பது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நம்புவோரையும், ஆர்வம் வளர்த்துக்கொள்ளக்கூடியது என்று நம்புவோரையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். கருந்துளைகளைப் பற்றிய எளிய காணொளி ஒன்றைக் காட்டியபோது பலருக்கும் அதில் ஆர்வம் உண்டானது. பிறகு அதே பொருளில் கடினமான கட்டுரை ஒன்றைக் கொடுத்ததும், கண்டுபிடித்தால் போதும் என்று நம்பியவர்களின் ஆர்வம் மற்றவர்களைவிட அதிகமாக வடிந்துவிட்டது. இவர் ஈடுபாடுள்ளவர், அவர் இல்லாதவர் என்று ஆட்களைத் தரம் பிரிக்கும் பொறுப்பாளரும் அதே நம்பிக்கையில்தான் இயங்குகிறார் என்பது என் எண்ணம். சித்திரமும் கைப்பழக்கம் என்று நாம் சொல்வதில் கை முதலில் வருகிறது, மனம் அதன் பின்னால் வருகிறது. தசமப் புள்ளிகளின்மீது உங்களுக்கு வந்த பற்றும் முதல் நாளிலேயே வந்திருக்காது.

பதில் 2 (எழுதியவர்: நேர்கோடு)

இவ்வளவு ஆராய வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மாதந்தோறும் மிகச் சிறந்த பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அதைக் கட்டியவருக்கு ஒரு பரிசு அறிவித்துவிடுங்கள். போட்டி வந்தால் ஈடுபாடு தானாக வரும்.

பதில் 3 (எழுதியவர்: ஆறுமணி)

நேர்கோடு அவர்களே, பரிசு வேலை செய்யும் இடங்கள் உண்டு. சலிப்பூட்டும் வேலையை முடிக்க வைப்பதற்கு அது உதவும். ஆனால் ஏற்கெனவே விருப்பத்தோடு செய்யும் வேலைக்கு முன்கூட்டியே பரிசு அறிவித்தால் என்ன ஆகும் என்று 1973-ல் மார்க் லெப்பரும் மற்ற இருவரும் ஒரு மழலையர் பள்ளியில் சோதித்துப் பார்த்தார்கள். வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் விருப்பமுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முதலிலேயே சொல்லப்பட்டது. சில நாட்கள் கழித்து, எந்தப் பரிசும் இல்லாமல் பேனாக்களை வெறுமனே வைத்துவிட்டுப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைப்போல ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை. ஆகவே அந்த இளையவரின் ஒரு நல்ல பக்கத்தைப் பார்த்து நீங்களாக மனம் திறந்து பாராட்டுவது வேறு, மாதப் போட்டி நடத்துவது வேறு. அதுவும் ஏழு பேரில் ஒருவருக்குப் பரிசு என்றால், பக்கத்து மேசைக்காரரின் கோப்பில் பிழை இருப்பதைக் கண்டாலும் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு காரணத்தை நீங்களே கொடுத்தவர் ஆவீர்கள்.

இனி, கேள்வி கேட்டவருக்கு. நான் மறுபக்கத்தில் இருந்தவன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எங்கள் மேலாளர் உங்களைப் போன்றவர்தான், உண்மையாகவே வேலையை நேசித்தவர். அங்கே "ஈடுபாடு" என்ற சொல் நாளடைவில் ஒரு கடன் பத்திரமாக மாறியது. விடுமுறை நாளில் வர முடியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள், "நீங்கள் ஈடுபாடு உள்ளவர் ஆயிற்றே" என்பார்கள். வராமல் இருந்தால் நாம் இழப்பது அந்த நாளின் ஊதியத்தை அன்று, நம்முடைய பெயரை. 2020-ல் ஜே யுன் கிம் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது என் அனுபவத்துக்குப் பெயர் கிடைத்ததுபோல் இருந்தது. ஒருவர் வேலையின்மீது பேரார்வம் கொண்டவர் என்று தெரிந்தால், அவரிடம் ஊதியமில்லாத கூடுதல் வேலையையும், அவருடைய பொறுப்பில் வராத சில்லறை வேலைகளையும் கேட்பது நியாயமே என்று மக்கள் எண்ணுகிறார்கள் என அந்த ஆய்வு காட்டியது. அவருக்கு வேலையே வெகுமதி, கேட்காவிட்டாலும் அவராகச் செய்திருப்பார் என்ற இரண்டு அனுமானங்கள் அந்த எண்ணத்துக்குப் பின்னால் இருக்கின்றன.

அந்த இடத்தில் சரியாக ஆறு மணிக்குக் கிளம்பும் ஒருவர் இருந்தார். கூட்டங்களில் அவர் உற்சாகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் அவரிடமிருந்து வந்த கணக்குத் தாளில் ஒரு கூட்டல் பிழைகூட இருந்ததில்லை. மாலை ஐந்தரைக்கு மேசையைத் துடைத்துவிட்டு, அன்றைய தாள்களை முதலிலிருந்து ஒருமுறை விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்ப்பார். எங்கள் மேலாளரின் பட்டியலில் அவர் "ஈடுபாடு குறைந்தவர்". என் பெயரில் உள்ள "ஆறுமணி" அவர் நினைவாக வைத்ததுதான். உங்கள் ஆறு பேரில் அப்படி யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள், இருந்தால் அவரையும் தளரவைத்துவிட்டீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 4 (எழுதியவர்: வடக்கயிறு)

மேலே இருவரும் மனநிலையைப் பற்றிப் பேசினார்கள். வேலை பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் சிக்கலின் பெரும்பகுதி அங்கே இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஊர் கூடித் தேர் இழுத்தால் எல்லோரும் முழு பலத்தோடு இழுப்பார்கள் என்று நினைக்கிறோம். மாக்சிமிலியன் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்து, தம் முடிவுகளை 1913-ல் வெளியிட்டார். ஆட்கள் கூடக்கூட மொத்த இழுவிசை கூடியது. ஆனால் ஒவ்வொருவருடைய பங்கும் குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒருவர் செலுத்திய விசை, அவர் தனியாக இழுத்ததில் ஏறக்குறையப் பாதிதான். ஒருவரோடு ஒருவர் ஒத்து இழுக்கத் தெரியாததால் விசை வீணாகியிருக்கலாமே என்ற கேள்வி நீண்ட காலம் இருந்தது. 1974-ல் ஆலன் இங்கம் குழுவினர் ஒரு நுட்பமான சோதனை செய்தார்கள். கண்கள் கட்டப்பட்ட ஒருவரை முன்னால் நிறுத்தி, பின்னால் பலர் சேர்ந்து இழுப்பதாக நம்பவைத்தார்கள். உண்மையில் இழுத்தவர் அவர் ஒருவரே. அப்போதும் அவருடைய முயற்சி குறைந்தது. 1979-ல் பிப் லாட்டனேயும் சக ஆய்வாளர்களும் கைதட்டலையும் கூச்சலையும் அளந்து இதையே கண்டார்கள். 1981-ல் அதே ஆய்வாளர்கள், ஒவ்வொருவருடைய ஓசையும் தனித்தனியே அளக்கப்படுகிறது என்று நம்பவைத்தால் இந்தத் தளர்வு மறைந்துவிடுகிறது என்பதையும் காட்டினார்கள். கயிறு இழுத்தவர்களுக்கும் கைதட்டியவர்களுக்கும் அந்த வேலையில் ஈடுபாடு உண்டா என்று யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். என் பங்கு தனியாகத் தெரிகிறதா, தெரியவில்லையா என்பதே அங்கே வேறுபாட்டை உண்டாக்கியது.

உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது கிப்ளிங் வில்லியம்ஸும் ஸ்டீவன் கராவும் 1991-ல் வெளியிட்ட ஆய்வு. தனக்கு முக்கியமாகத் தோன்றும் வேலையில், உடனிருப்பவர் சரியாகச் செய்யமாட்டார் என்று எதிர்பார்க்கும் ஒருவர், தனியாக வேலை செய்வதைவிடவும் கூடுதலாக உழைத்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் செய்யமாட்டார்கள் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள், அதனால் இரவில் ஈடுகட்டுகிறீர்கள். நீங்கள் ஈடுகட்டுவீர்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள், அதனால் தளர்கிறார்கள். மறுநாள் அந்தத் தளர்ந்த கோப்பு உங்கள் எதிர்பார்ப்பை மெய்யாக்குகிறது. "நான் உழைக்க உழைக்க அவர்கள் தளர்கிறார்கள்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதில் யாரும் சோம்பேறி இல்லை.

பேரார்வத்தின் கதையாக எல்லோரும் சொல்வது ரைட் சகோதரர்களின் கதை. அதைப் பாதியாகத்தான் சொல்கிறார்கள் என்பது என் மனக்குறை. அதே காலத்தில் விமானம் கட்டிய சாமுவேல் லாங்லிக்கு ஆர்வம் எள்ளளவும் குறைவில்லை, அமெரிக்கப் போர்த் துறை அவருக்கு 50,000 டாலரும் கொடுத்திருந்தது. அவருடைய விமானம் 1903 அக்டோபரிலும் டிசம்பரிலும் இருமுறை ஆற்றில் விழுந்தது. இரண்டாவது வீழ்ச்சிக்கு ஒன்பது நாட்களுக்குப் பிறகு, டிசம்பர் 17 அன்று, ரைட் சகோதரர்களின் விமானம் 12 விநாடிகள் பறந்தது. இரண்டு தரப்பையும் பிரித்தது நெஞ்சின் வெப்பம் என்று சொல்வது எளிது. ஆனால் சகோதரர்கள் 1901-ல் தாங்களே ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்து இருநூறு அளவிலான இறக்கை வடிவங்களைச் சோதித்திருந்தார்கள். அவர்களுடைய எஞ்சினைச் செய்து கொடுத்தவர் சார்லி டெய்லர் என்ற இயந்திரப் பணியாளர். அந்த எஞ்சினை இரவோடிரவாகப் பிரித்துத் தங்கள் விருப்பப்படி அவர்கள் மாற்றிக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. சகோதரர்கள் இருவரும் உந்துவிசிறியைப் பற்றிக் கடுமையாக வாதிடுவார்களாம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கருத்து வேறுபாடு அப்படியே இருக்கும், ஆனால் இவர் அவருடைய கட்சிக்கும் அவர் இவருடைய கட்சிக்கும் மாறியிருப்பார்களாம். இதை ஆர்வில் ரைட்டே சொல்லியிருக்கிறார். அப்படி வாதிட வேண்டுமானால் எதிரில் இருப்பவரின் முடிவு தன் முடிவுக்குச் சமமான எடை உள்ளது என்ற எண்ணம் வேண்டும். உங்கள் இளையவர் கோப்பைப் பேசாமல் மூடிவைத்தாரே, அங்கே இல்லாமல் போனது அந்த வாதம்தான்.

நான் செய்யச் சொல்வது இவ்வளவுதான். ஓர் இயலை ஒருவரிடம் முழுமையாகக் கொடுங்கள், அது அச்சுக்குப் போகும்வரை அவருடையதாகவே இருக்கட்டும். நூலின் விவரப் பக்கத்தில் எந்த இயலை யார் கட்டினார் என்று அச்சிட முடிந்தால் அச்சிடுங்கள். குறை கண்டால் குறியிட்டுத் திருப்பி அனுப்புங்கள், நீங்கள் கைவைக்காதீர்கள். பிழைக்கும் விருப்பத்துக்கும் இரண்டு வெவ்வேறு வண்ணங்களைப் பயன்படுத்துங்கள். பிழை என்று குறித்ததை அவர் திருத்தியே ஆகவேண்டும், விருப்பம் என்று குறித்ததை ஏற்பதும் விடுவதும் அவருடைய உரிமை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி (மெய்ப்புமேசை, ஏழு வாரங்கள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நூலிழை அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாட்கள் சினந்திருந்தேன், அதையும் மறைக்கவில்லை. ஆறுமணி அவர்களின் நண்பரைப்போல எங்கள் குழுவிலும் ஒருவர் இருக்கிறார். அவர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், இத்தனை நாளும் நான் கவனிக்கவில்லை.

வடக்கயிறு அவர்கள் சொன்ன இரண்டு வண்ண முறையை மட்டும் முதலில் தொடங்கினேன். சிவப்பு பிழைக்கு, பச்சை விருப்பத்துக்கு. முதல் கோப்பில் குறியிட்டு முடித்துப் பார்த்தபோது நான்கு சிவப்பும் அறுபத்திரண்டு பச்சையும் இருந்தன. அந்த எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை காலமும் அந்த அறுபத்திரண்டையும் நான் பிழை என்றே எண்ணி வந்திருக்கிறேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட பச்சைக் குறிகளை அழித்துவிட்டு மிச்சத்தை அனுப்பினேன்.

மூன்றாவது வாரத்தில் அந்த இளையவர் என் மேசைக்கு வந்து, தசமப் புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டார். ஒரு பழைய நூலைத் திறந்து, 12.5-உம் 1.25-உம் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோணலாக நின்றால் படிப்பவரின் கண் எந்த எண் பெரியது என்று எப்படித் தடுமாறுகிறது என்பதைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்படியானால் அளவு அலகுகளையும் தனி நெடுவரிசைக்குக் கொண்டுபோக வேண்டும் ஐயா, அவைதான் எண்களைத் தள்ளிவிடுகின்றன" என்றார். பதினொரு ஆண்டுகளில் எனக்குத் தோன்றாத யோசனை அது. இப்போது எல்லா அட்டவணைகளையும் அப்படித்தான் கட்டுகிறோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இருவருடைய கோப்புகளில் இன்னும் அதே அலட்சியம் இருக்கிறது. ஒருவர், "பச்சை என்றால் செய்யவேண்டாம்தானே?" என்று கேட்டுக்கொண்டு சிவப்பையும் விட்டுவிடுகிறார். இயல்வாரியாகப் பெயர் அச்சிடுவதற்குப் பதிப்பகத்தார் இன்னும் இசையவில்லை. எனக்குள்ளும் ஒரு முள் இருக்கிறது. சென்ற வாரம் அச்சாகி வந்த நூலில் 31-ஆம் பக்கத்தை நான் கட்டியிருந்தால் நிச்சயமாக வேறு மாதிரி கட்டியிருப்பேன். பச்சைக் குறியும் இட்டிருந்தேன், அவர் ஏற்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். அச்சுப் பிரதி வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தேன். இப்போதும் என் முறையே நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதை அவரிடம் சொல்லலாமா, கூடாதா?

பதில் 5 (எழுதியவர்: ஆறுமணி)

சொல்லுங்கள் ஐயா. ஆனால் மின்னஞ்சலில் வேண்டாம், நூலை அவர் மேசைக்கு எடுத்துக்கொண்டு போய் 31-ஆம் பக்கத்தைத் திறந்து வைத்துச் சொல்லுங்கள். அவர் ஏன் அப்படிக் கட்டினார் என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த நண்பரையும் அழைத்துக்கொள்ளுங்கள், ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள்.